பள்ளம் உள்ள பள்ளத்தாக்கும் பள்ளமில்லாத பள்ளத்தாக்கும்

2025 ஆகஸ்ட் 30 அன்று இரவு, தென் கரோலினாவின் கிளெம்சன் ஊரில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி கிளெம்சன் பல்கலைக்கழக அணியை 17-10 என்று வென்றது. பருவத்தின் தொடக்க ஆட்டம்தான். ஆனால் தம் மைதானத்தை ‘டெத் வேலி’, அதாவது மரணப் பள்ளத்தாக்கு என்று அழைத்துக்கொள்ளும் இரு பல்கலைக்கழகங்கள், அந்தப் பெயர் சுமக்கும் மண்ணில் முதன்முறையாக மோதியது அன்றுதான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எது அசல் டெத் வேலி என்ற வழக்கு இரண்டு மாநிலங்களுக்கு இடையே நெடுநாளாக நடக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டது என்று லூசியானாக்காரர்கள் அன்றிரவு கொண்டாடியிருக்கலாம். ஆனால் வந்த அணி ஜெயித்துவிட்டால் அந்த மண்ணின் பெயர் பொய் என்று வாதிட்டால், அதே வாதம் அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

2025 ஆட்டத்துக்கு முன் இந்த இரு அணிகளும் நான்கு முறை மோதியிருந்தன. நான்கும் பருவ இறுதியில் பொது மைதானங்களில் நடந்தவை. பொது என்று பெயர்தான். இரண்டு ஆட்டங்கள் நியூ ஆர்லியன்ஸில் நடந்தன, அதாவது லூசியானா அணியின் ஊரான பேட்டன் ரூஜிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில். இரண்டு அட்லாண்டாவில் நடந்தன, கிளெம்சனிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில். நியூ ஆர்லியன்ஸ் ஆட்டங்கள் இரண்டையும் லூசியானா வென்றது: 1959 புத்தாண்டு நாளில் 7-0, 2020 ஜனவரியில் தேசியப் பட்டத்துக்கான இறுதியில் 42-25. அட்லாண்டாவில் ஆளுக்கு ஒன்று: 1996இல் லூசியானா 10-7, 2012இல் கிளெம்சன் 25-24. நான்கு ஆட்டங்களை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் சொந்த மண்ணின் பலம் மைதானச் சுவரோடு நிற்பதில்லை, சாலை நீளத்துக்குக் கொஞ்சம் கசியும் என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது.

ஒற்றுமைகள் பெயரோடு முடியவில்லை. இரு அணிகளும் ‘டைகர்ஸ்’. இரண்டிலும் புலி நுழைந்த ஆண்டு 1896. லூசியானா தன் புலியை உள்நாட்டுப் போரில் அந்த மாநிலத்திலிருந்து சென்று சண்டையிட்ட படையின் பெயரிலிருந்து எடுத்தது. கிளெம்சனின் புலி முதல் பயிற்சியாளர் வால்டர் ரிக்ஸ் ஆபர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் ஒருகாலத்தில் ராணுவக் கல்லூரிகள். இரண்டின் வளாகமும் அடிமைகள் உழைத்த தோட்ட நிலத்தில் அமைந்தவை. பிறந்த ஊர் வேறு, வளர்ந்த வீடு வேறு என்றாலும் சாயல் உறவினர் சாயல்தான்.

வேற்றுமை நிலத்தில் தொடங்குகிறது. கிளெம்சன் ஊர் புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே உண்மையாகவே ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. மரங்களை வெட்டி, சரிவிலேயே இருக்கைகளை ஏற்றி, 1942இல் சுமார் 20,000 பேர் உட்காரும் நினைவு மைதானத்தைத் திறந்தார்கள். பேட்டன் ரூஜின் டைகர் ஸ்டேடியம் இருப்பதோ மிசிசிப்பி ஆற்றின் வண்டல் சமவெளியில். அங்கே பள்ளத்தாக்கு என்று சொல்ல ஒரு மடு கூடக் கிடையாது. 1924இல் 12,000 பேருக்குக் கட்டிய அரங்கை வடக்கில் மூடி, தெற்கில் மூடி, மேற்கிலும் கிழக்கிலும் மேல்தளம் ஏற்றி, 2014க்குள் 1,02,321 பேர் கொள்ளும்படி செய்துவிட்டார்கள். கிளெம்சனில் பூமி கொடுத்த பள்ளத்தில் மைதானம் வந்தது. பேட்டன் ரூஜில் மைதானத்தைச் சுற்றிக் கான்கிரீட் மலை எழுந்ததால் பள்ளம் வந்தது.

இரண்டின் பிறப்பிலும் வீரத்தைவிடச் சிக்கனமே அதிகம் என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை. 1940இல் கிளெம்சனை விட்டுப் போன பயிற்சியாளர் ஜெஸ் நீலி, பெரிய மைதானம் கட்டும் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள், 10,000 இருக்கை என்றைக்கும் போதும் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் ஹோவர்ட் அதைக் கேட்கவில்லை. ஆனால் பணமும் இல்லை. மொத்தச் செலவு 1,25,000 டாலர். இடத்தைத் துப்புரவாக்கும் வேலையில் ஆட்டக்காரர்களே இறங்கினார்கள். புல் பதிக்கும் வேலை மூன்று வாரமாகியும் பாதியில் நின்றபோது, முடித்தால் ஐம்பது காலன் ஐஸ்கிரீம் என்றாராம் ஹோவர்ட். மீதி மூன்றே நாளில் முடிந்தது. மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்கள். கான்கிரீட் ஊற்றும்போது மூலைக்கு ஒரு வாய்ப் புகையிலையைத் துப்பி வைத்ததாகவும் அவரே சொல்லிக்கொள்வார். ஹோவர்ட் கதை சொல்வதில் வல்லவர். கதையின் கால்பங்கைக் கழித்துவிட்டாலும் மீதி சுவையாகத்தான் இருக்கிறது.

லூசியானாவின் சிக்கனம் கணக்குப் புத்தகத்தில் நடந்தது. 1930களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத் தலைவரிடம் விடுதி கட்ட 2,50,000 டாலர் இருந்தது. மைதானத்தை விரிவாக்கப் பணமில்லை. விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த டி.பி. ஹெர்ட் ஒரு யோசனை சொன்னார்: விடுதி அறைகளை மைதானத்தின் பக்கங்களில் கட்டுங்கள், அவற்றின் கூரைமேல் இருக்கைகளைப் போட்டுவிடலாம். அப்படியே நடந்தது. பல பத்தாண்டுகள் மாணவர்கள் பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில் படுத்தார்கள், படித்தார்கள். வெளிச்சுவரில் வரிசையாகத் தெரியும் சன்னல்கள் அந்த அறைகளுடையவை. மக்கள் பேச்சில் இந்தத் தந்திரம் ஆளுநர் ஹியூயி லாங்கின் கணக்கில் ஏறிவிட்டது. லூசியானாவில் எந்தத் தந்திரமும் கடைசியில் அவர் கணக்கில்தான் ஏறும்.

பெயர் வந்த வழிக்கு வருவோம், ஏனெனில் சண்டையே அதில்தான். கிளெம்சனின் கதை தெளிவானது. அது தோற்றவர் சூட்டிய பெயர். பிரெஸ்பிடேரியன் என்ற சிறு கல்லூரியின் பயிற்சியாளர் லானி மெக்மில்லியன், ஆண்டுதோறும் தன் பிள்ளைகளைக் கூட்டிவந்து உதை வாங்கிப் போன அனுபவத்தில், 1940களில் பத்திரிகைக்காரர்களிடம் டெத் வேலிக்குப் போகிறோம் என்றார். 1950களில் ஹோவர்ட் அதைத் தன் வாயில் எடுத்துக்கொண்டார், பெயர் நின்றுவிட்டது. லூசியானாவின் கதை அவ்வளவு தெளிவில்லை. காது அடைக்கும் இரைச்சலால் ‘டெஃப் வேலி’, செவிட்டுப் பள்ளத்தாக்கு, என்று முதலில் வழங்கியதாகவும் அது வாய்மாறி இப்படி ஆனதாகவும் ஒரு பேச்சு உண்டு. காலமுறைப்படி பார்த்தால் கிளெம்சன் பக்கம்தான் ஆவணம் முந்தியது என்பேன். ஆனால் இரண்டிலும் பெயரின் முதல் உரிமையாளர் வெளியூர்க்காரரே. ஒன்றில் அவர் தோற்றார், மற்றதில் அவருக்குக் காது கேட்கவில்லை.

இனி நுழைவு. சொந்த மண்ணின் அச்சம் ஆட்டம் தொடங்கிய பிறகு உண்டாவதில்லை. அதற்கு முந்தைய சில நிமிடங்களில்தான் உண்டாகிறது என்பதை இந்த இரண்டு இடங்களும் அறிந்திருக்கின்றன. கிளெம்சனில் அணி பேருந்தில் மைதானத்தைச் சுற்றிக் கிழக்கு முனைக்கு வந்து, புல் மேட்டின் உச்சியில் இறங்கி, பீரங்கி முழங்க, ஒரு கல்லைத் தடவிவிட்டுச் சரிவில் ஓடி இறங்கும். இந்தச் சடங்கின் தொடக்கமும் வெறும் வசதிதான். உடை மாற்றும் அறை மேட்டுக்கு அப்பால் இருந்தது, குறுக்கு வழி அந்தச் சரிவு. கல்லின் கதை அதைவிட எளியது. பழைய மாணவர் ஒருவர் கலிஃபோர்னியாவில் உள்ள நிஜமான டெத் வேலியிலிருந்து எடுத்துவந்து ஹோவர்டுக்குக் கொடுத்தார். அவர் அதைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். 1966இல் அறையை ஒழிக்கும்போது தூக்கி எறியுங்கள் என்றார். எறியச் சொல்லப்பட்டவர் அதற்கு ஒரு பீடம் கட்டிவிட்டார். கல் பீடமேறிய நாளில், 1966 செப்டம்பர் 24 அன்று, 18 புள்ளி பின்தங்கியிருந்த கிளெம்சன் வர்ஜீனியாவை 40-35 என்று வென்றது. மறு ஆண்டு ஹோவர்ட், முழு மூச்சாக ஆடுபவர்கள் மட்டும் கல்லைத் தொடலாம், மற்றவர்கள் அழுக்குக் கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிபந்தனை போட்டார். முட்டுக்கல் மூர்த்தியாயிற்று. 2013இல் யாரோ அதில் ஒரு துண்டை உடைத்துப் போனபோது ஊர் கலங்கியது.

பேட்டன் ரூஜில் இதற்கு இணை உண்டா? நான் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். உண்டு, ஆனால் கண்ணில் படாத இடத்தில். பழைய கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்திலிருந்து எடுத்த ஒரு துண்டில் ‘வெல்’ என்று எழுதி, அதை ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வரும் வழியில் தலைக்கு மேலே பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வருவார்கள். அங்கேயும் கழித்துப் போட்ட பொருளே புனிதமாயிற்று. வேறுபாடு எங்கே என்றால், கிளெம்சனின் கல் 80,000 பேர் பார்க்க நிற்கிறது, லூசியானாவின் இரும்பு ஆட்டக்காரருக்கு மட்டும் உரியது. கிளெம்சனின் கல் தூரத்துப் பாலைவனத்திலிருந்து வந்தது, லூசியானாவின் சட்டம் அதே மைதானத்தில் நின்றிருந்தது. சமவெளியில் மேடு எங்கே என்று கேட்டால், அதற்கும் விடை இருக்கிறது: அணியும் வாத்தியக் குழுவும் மைதானத்துக்கு இறங்கிவரும் சாலைச் சரிவுக்கு ‘விக்டரி ஹில்’ என்று பெயர். கிளெம்சன் மேட்டோடு ஒப்பிட்டால் அது மேடே இல்லை. ஆனாலும் மேலிருந்து கீழே இறங்கிவருவது அங்கேயும் தேவைப்பட்டிருக்கிறது.

புலிக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. 1936 முதல் லூசியானா உயிருள்ள புலியை வளர்க்கிறது. எல்லாப் புலிக்கும் மைக் என்றே பெயர். வெளியூர் அணி வரும் வழியில் கூண்டை நிறுத்தி வைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2017இல் வந்த ஏழாவது மைக்கை மைதானத்துக்குக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தார்கள். 2024 நவம்பரில் மாநில ஆளுநரின் முனைப்பில் வேறொரு புலியை வரவழைத்து அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் காட்டினார்கள். அலபாமா 42-13 என்று வென்றது. கிளெம்சனின் புலி வேடமிட்ட மாணவர். அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் அவர் தண்டால் எடுக்க வேண்டும். எனக்கு இந்தப் புலியே மேல். யாருக்கும் கெடுதல் இல்லை, உடம்புக்கும் நல்லது.

கிளெம்சனுக்கு இடம் என்றால் லூசியானாவுக்கு நேரம். 1931 அக்டோபர் 3 அன்று டைகர் ஸ்டேடியத்தில் விளக்கொளியில் முதல் இரவு ஆட்டம் நடந்தது. ஸ்பிரிங் ஹில் அணியை 35-0 என்று வென்றார்கள். இதிலும் ஹெர்ட்டின் கைவண்ணமே. வெயிலும் புழுக்கமும் தாங்கவில்லை. பகலில் நியூ ஆர்லியன்ஸ் கல்லூரிகளின் ஆட்டங்கள் கூட்டத்தைப் பிரித்தன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் தோட்டங்களிலும் வேலை செய்பவர்கள் சனிக்கிழமை மாலையில்தான் வர முடிந்தது. இந்த மூன்று வசதிக் காரணங்களிலிருந்துதான் இன்று வெளியூர் அணிகள் அஞ்சும் ‘சனிக்கிழமை இரவு’ பிறந்தது. காலை முதல் மைதானத்தைச் சுற்றிச் சமைத்துக் குடித்துக் கொண்டாடிய கூட்டம் இரவில் உள்ளே வரும்போது, அது பகல் கூட்டத்தைப் போல இருக்காது என்பதை விளக்க வேண்டியதில்லை. வந்த அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எடுக்கும்போது கத்துவது, சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது அடங்குவது என்ற ஒழுங்கு இரு ஊரிலும் உண்டு. பேட்டன் ரூஜில் அதைப் பத்து மணி நேரம் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இங்கே நான் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. இந்த இரண்டு மைதானங்களின் புராணங்கள் ஏழு என்ற எண்ணைச் சுற்றி வருகின்றன. 1959இல் ஹாலோவீன் இரவன்று பில்லி கேனன் எதிரணி உதைத்தனுப்பிய (பன்ட்) பந்தைப் பிடித்து 89 யார்டு ஓடியது லூசியானாவின் முதல் காவியம், முடிவு 7-3. 1988 அக்டோபர் 8 அன்று ஆபர்னுக்கு எதிராக டாமி ஹாட்சன் எறிந்த பந்தை எடி ஃபுல்லர் கடைசி நிமிடங்களில் பிடித்தபோது எழுந்த ஆரவாரத்தை வளாகத்து நிலநடுக்கமானி பதிவு செய்தது, முடிவு 7-6. கிளெம்சனில் 1970 முதல் 1972 வரை ஹூட்டி இங்ரம் பயிற்சியில் மேட்டிலிருந்து ஓடிவரும் வழக்கத்தை விட்டிருந்தார்கள். சொந்த மண்ணில் வெற்றியைவிடத் தோல்வி கூடியது. 1972இன் கடைசி ஆட்டத்தில், குளிர் மழையில், பகை அணியான தென் கரோலினாவுக்கு எதிராக மீண்டும் ஓடி இறங்கினார்கள், முடிவு 7-6. ஒரே கணக்கு. ஆபர்ன் இரண்டு ஃபீல்டு கோலோடு நின்றது. தென் கரோலினா டச்டவுனுக்குப் பின் இரண்டு புள்ளிக்குத் துணிந்து தவறவிட்டது.

40-35 போன்ற ஆட்டங்கள் ரசிகருக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் மைதானமே ஜெயித்தது என்று சொல்லத் தோன்றுவது ஒரு புள்ளியில் முடிந்த ஆட்டத்தில்தான். அந்த ஒரு புள்ளியைக் கூட்டத்தின் கணக்கில் எழுத முடிகிறது, கல்லின் கணக்கில் எழுத முடிகிறது. முப்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றால் அதை ஆட்டக்காரர்களுக்கே கொடுத்துவிட வேண்டியிருக்கும்.

புகழைக் கணக்கோடு உரசிப் பார்ப்போம். பேட்டன் ரூஜைப் பற்றிப் பலரும் எடுத்துச் சொல்லும் வாக்கு அலபாமாவின் பெரும் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் சொன்னது: வெளியூர் அணிக்கு உலகத்திலேயே மோசமான இடம், முரசுக்குள் உட்கார்ந்திருப்பது போல. நல்ல சான்றிதழ்தான். ஆனால் 1969க்குப் பின் 2000 வரை அலபாமா பேட்டன் ரூஜில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. முரசுக்குள் உட்கார்ந்தவரே முரசைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். கிளெம்சனின் பக்கம் இன்னொரு கணக்கு: 2016 நவம்பரில் பிட்ஸ்பர்க்கிடம் 43-42 என்று தோற்ற பிறகு சொந்த மண்ணில் தொடர்ந்து 40 ஆட்டங்களை வென்றார்கள். 2022 நவம்பரில் தென் கரோலினா 31-30 என்று அந்தச் சங்கிலியை அறுத்தது. தொடக்கமும் முடிவும் ஒரு புள்ளி. ஆனால் அதே ஆண்டுகளில் கிளெம்சன் எந்த ஊரிலும் வெல்லும் அணியாக இருந்தது, அவர்களுடைய மண்டலப் போட்டியும் லூசியானாவினுடையதைவிட எளியது. நாற்பதில் மேட்டுக்கு எத்தனை, ஆட்டக்காரருக்கு எத்தனை என்று பிரிக்க முடியாது.

பிரித்துப் பார்க்கும் வாய்ப்பை 2020 ஓரளவு கொடுத்தது. பெருந்தொற்றால் இரண்டு மைதானங்களும் கால்வாசி நிரப்பப்பட்டன. நடப்புச் சாம்பியனான லூசியானா தன் முதல் ஆட்டத்தில் சொந்த மண்ணிலேயே மிசிசிப்பி மாநில அணியிடம் 44-34 என்று தோற்றது. கிளெம்சன் தன் ஊரில் எல்லா ஆட்டங்களையும் வென்றது. இரைச்சலை நம்பிய இடம் இரைச்சல் குறைந்தவுடன் சரிந்தது, நிலத்தை நம்பிய இடம் நின்றது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நியாயமில்லை. அந்த ஆண்டு லூசியானாவின் 14 பேரைத் தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டு போயிருந்தன. கிளெம்சனில் ட்ரெவர் லாரன்ஸ் என்ற சிறந்த குவார்ட்டர்பேக் இருந்தார்.

‘மரணம்’ என்ற சொல்லை இவ்வளவு விளையாட்டாகப் புழங்குகிறோம். கிளெம்சனில் அது விளையாட்டு மட்டுமில்லை. மைதானத்தை ஒட்டிய மேட்டில் உட்லேண்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1996இல் இறந்த ஹோவர்ட் அங்கேதான் புதைக்கப்பட்டார். 2020இல் நிலத்தடி ரேடார் கொண்டு ஆராய்ந்தபோது அதே மேட்டில் 600க்கும் மேற்பட்ட அடையாளமில்லாத கல்லறைகள் தெரியவந்தன. தோட்டத்தில் உழைத்த அடிமைகள், பின்னாளில் குத்தகைக்கு உழுதவர்கள், கல்லூரியின் முதல் கட்டடங்களை எழுப்பிய கைதிகள் ஆகிய கறுப்பின மக்களுடையவை அவை என்று நம்பப்படுகிறது. ஆட்ட நாட்களில் பல ஆண்டுகளாகக் கொண்டாட்டக் கூட்டம் அந்த மேட்டின்மீதும் பரவியிருந்தது. மைதானத்தின் பெயரிலேயே ‘நினைவு’ என்பது போர்களில் இறந்த கிளெம்சன் மாணவர்களைக் குறிக்கிறது. மேட்டில் புதைக்கப்பட்டவர்கள் நினைவுக்கு வர இன்னொரு எழுபத்தெட்டு ஆண்டு ஆயிற்று. லூசியானாவின் வளாகமும் தோட்ட நிலம்தான் என்றாலும், மைதானத்துக்குப் பக்கத்திலேயே இப்படியொரு மேடு அங்கே இல்லை. இரண்டு அணிகளும் 1970களின் தொடக்கத்தில்தான் முதல் கறுப்பின ஆட்டக்காரர்களைக் களமிறக்கின. அதாவது கேனன் ஓடிய இரவிலும் கல் பீடமேறிய பகலிலும் இரு மைதானங்களின் சொந்த அணியிலும் ஒரு கறுப்பின ஆட்டக்காரரும் இல்லை.

2025 ஆட்டத்துக்குத் திரும்பினால், இடைவேளையில் கிளெம்சன்தான் 10-3 என்று முன்னே இருந்தது. கல்லைத் தடவினார்கள், மேட்டில் ஓடி இறங்கினார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. பிற்பாதியில் லூசியானா 14 புள்ளி எடுத்தது, கிளெம்சன் ஒன்றும் எடுக்கவில்லை. இரவு ஆட்டம் என்பதால் வந்த அணிக்கு நேரம் பழக்கப்பட்டதாக இருந்தது என்று லூசியானாக்காரர் ஒருவர் சொன்னால் மறுக்க என்னிடம் வாதமில்லை.

யாருடையது அசல் என்று கேட்டால், பெயர் கிளெம்சனுடையது, அச்சம் பேட்டன் ரூஜினுடையது என்பது என் தீர்ப்பு. ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வாய்த்தால் அட்டவணையில் நேரத்தைப் பாருங்கள். பகல் ஆட்டமானால் கிளெம்சனுக்குப் போங்கள். அரை மணி முன்னதாகவே உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேட்டிலிருந்து அணி இறங்குவதைத் தவறவிடுவீர்கள். இரவு ஆட்டமானால் பேட்டன் ரூஜ். அங்கே காலையிலேயே போய்விடுங்கள்.